பாஸ்வேர்டை மாற்றும் முன் டிக்கெட்டைப் பாருங்கள்

சிஸ்டம் அட்மின் உலகத்தில் ஒரு பழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா, பாஸ்வேர்டை மாற்று. இன்ட்ராநெட் பக்கம் திரும்பத் திரும்ப லாகின் கேட்கிறதா, பாஸ்வேர்டை மாற்று. எஸ்க்யூஎல் சர்வரோடு ரிப்போர்ட் இணையவில்லையா, அதற்கும் அதே மருந்து. பல சமயம் மாற்றியதும் சரியாகியும் விடுகிறது. ஏனென்றால் பாஸ்வேர்டை மாற்றியவர் ஒருமுறை லாக்-ஆஃப் செய்துவிட்டு மறுபடி உள்ளே வருகிறார்; வரும்போது புது டிக்கெட் வாங்கி வருகிறார். வேலை செய்தது புது டிக்கெட். நல்ல பெயர் போவது பாஸ்வேர்டுக்கு. அடுத்த முறையும் அதே மருந்துதான் எழுதிக் கொடுக்கப்படும்.

அந்த டிக்கெட்டுகளைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது: கே-லிஸ்ட். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இதே பெயர்தான். உங்கள் சொந்த டிக்கெட்டுகளைப் பார்க்க அட்மின் உரிமை வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டிலோ டெர்மினலிலோ அடித்து என்டர் தட்டினால், இந்த நிமிடம் உங்கள் பெயரில் என்னென்ன டிக்கெட் கையிருப்பில் இருக்கின்றன, யாரிடம் காட்டுவதற்கானவை, எப்போது காலாவதி ஆகும் என்று வரிசையாக வந்துவிடும். ஹெல்ப்டெஸ்க்கில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு பிங் சொல்லித் தருகிறோம், என்எஸ்-லுக்கப் சொல்லித் தருகிறோம். கே-லிஸ்ட்டை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறை தீர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் என்று சொல்வது கெர்பரோஸ் டிக்கெட்டை. கதை அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்குகிறது. 1983-ல் டிஜிட்டல், ஐபிஎம் நிறுவனங்களின் ஆதரவோடு அங்கே அதீனா என்ற திட்டம் ஆரம்பமானது. வளாகம் முழுக்க ஒர்க்-ஸ்டேஷன்கள். எந்த மாணவரும் எந்த மெஷினிலும் உட்காரலாம். மெஷின் மாணவர் கையில் இருப்பதால் அது சொல்வதை சர்வர் அப்படியே நம்பிவிட முடியாது. நடுவில் ஓடும் வயரையும் யாராவது ஒட்டுக் கேட்கலாம். ஆக, பாஸ்வேர்ட் வயரில் போகவே கூடாது. ஆனாலும் ஆள் இன்னார்தான் என்று சர்வருக்கு நிரூபிக்க வேண்டும். ரோஜர் நீதாமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-லேயே இதற்கு ஒரு வழிமுறையை எழுதியிருந்தார்கள். அதில் பழைய செய்தியைப் பதிவுசெய்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்ற இடமிருந்தது. 1981-ல் டாரதி டென்னிங்கும் ஜோவானி சாக்கோவும் செய்தியில் நேர முத்திரை சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும் என்றார்கள். இந்த இரண்டையும் அடித்தளமாக வைத்து எம்ஐடிக்காரர்கள் கட்டியதுதான் கெர்பரோஸ். ஸ்டைனர், நியூமன், ஷில்லர் மூவரும் 1988-ல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் இதை விவரித்தார்கள். ஐந்தாம் பதிப்பு 1993-ல் ஆர்எஃப்சி 1510 ஆகவும், திருத்தப்பட்டு 2005-ல் ஆர்எஃப்சி 4120 ஆகவும் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஆக்டிவ் டைரக்டரியோடு விண்டோஸ் 2000-ல் இதை எடுத்துக்கொண்ட பிறகு, டொமைனில் இணைந்த கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸில் எல்லாம் கெர்பரோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமலே.

வேலை செய்யும் விதம் தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. வாசலில் ஒருமுறை நுழைவுச் சீட்டு வாங்குகிறீர்கள். உள்ளே ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு, ரயிலுக்குத் தனிச் சீட்டு. காலையில் லாகின் செய்யும்போது கிடைப்பது நுழைவுச் சீட்டு, டிஜிடி என்பார்கள். அதைக் காட்டி ஃபைல் சர்வருக்கு ஒன்று, வெப் சர்வருக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று தனித்தனி சர்வீஸ் டிக்கெட் வாங்குகிறது உங்கள் மெஷின். இவற்றைத் தருகிற இடத்துக்கு கேடிசி என்று பெயர். ஆக்டிவ் டைரக்டரியில் டொமைன் கன்ட்ரோலரே அந்த வேலையையும் பார்க்கிறது.

சரி, இப்போது கே-லிஸ்ட் காட்டுவதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். லினக்ஸில் முதல் வரி, டிக்கெட்டுகள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும். டெம்ப் டைரக்டரியில் கேஆர்பி5சிசி என்று தொடங்கி, அடிக்கோடு போட்டு, 1000 என்ற மாதிரி உங்கள் யூசர் எண்ணில் முடியும் ஒரு ஃபைலாக இருக்கலாம். புது ஃபெடோரா, ரெட்ஹாட் மெஷின்களில் ஃபைலுக்குப் பதிலாக கேசிஎம் என்ற சேவை வைத்துக்கொள்கிறது. இரண்டாவது வரியில் உங்கள் பெயர், @ குறி, அதன் பின் உங்கள் நிறுவனத்தின் ரெல்ம் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில். அடுத்து மூன்று பத்தி: எப்போதிலிருந்து செல்லும், எப்போது முடியும், எந்த சர்வீஸுக்கு. கேஆர்பி-டிஜிடி என்று ஆரம்பிக்கும் வரிதான் நுழைவுச் சீட்டு. சிஐஎஃப்எஸ் என்று ஆரம்பித்தால் ஃபைல் ஷேர், ஹெச்டிடிபி என்றால் வெப், எல்டாப் என்றால் டைரக்டரி, எம்எஸ்-எஸ்க்யூஎல்-எஸ்விசி என்றால் எஸ்க்யூஎல் சர்வர். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பெயர் எந்த மெஷின் என்பது.

விண்டோஸில் இதே விஷயம் கொஞ்சம் நீளமாக வரும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கிளையன்ட், சர்வர், என்க்ரிப்ஷன் வகை, ஃபிளாக்குகள், ஸ்டார்ட் டைம், எண்ட் டைம், ரெனியூ டைம். கடைசியில் கேடிசி கால்டு என்று ஒரு வரி இருக்கும். எந்த டொமைன் கன்ட்ரோலர் இந்த டிக்கெட்டைத் தந்தது என்பது அது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில், ஏன் லாகின் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அந்த வரியைப் பார்க்கலாம். பக்கத்து அறையில் ஒரு கன்ட்ரோலர் இருக்க, வேறு ஊரில் இருப்பதன் பெயர் அங்கே நின்றால் விஷயம் பாதி புரிந்துவிடும்.

கே-லிஸ்ட் எதைக் காட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதில் உங்கள் பாஸ்வேர்ட் கிடையாது. டிக்கெட்டின் உள்ளடக்கமும் கிடையாது. சர்வீஸின் ரகசிய விசையால் பூட்டப்பட்ட அதை நீங்களே திறந்து பார்க்க முடியாது. மேலே ஒட்டியிருக்கும் விவரம் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தச் சேமிப்புக்குள் டிக்கெட்டோடு கூடவே செஷன் கீ ஒன்று இருக்கிறது. அந்த ஃபைலையே யாராவது நகல் எடுத்துவிட்டால், எண்ட் டைம் வரும்வரை அவர் நீங்களாக நடமாடலாம். அதனால்தான் லினக்ஸ் அந்த ஃபைலை உரியவர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியோடு வைக்கிறது. ரூட்டை அதுவும் தடுக்காது. எல்லோருக்கும் ரூட் பாஸ்வேர்ட் தெரிந்த சர்வரில் லாகின் செய்து வேலை பார்த்தால், முடிந்ததும் டிக்கெட்டுகளை அழிக்கும் கே-டிஸ்ட்ராய் கட்டளையை அடித்துவிட்டு வெளியே வருவதுதான் முறை.

என்னைக் கேட்டால், கே-லிஸ்ட் தன் கூலியை முழுசாகச் சம்பாதிக்கும் இடம் குரூப் விவகாரம். எங்கள் டீமில் ஒரு பெண் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் வந்து நின்றாள்.

"அண்ணா, ஃபைனான்ஸ்ல ஒருத்தரை குரூப்ல சேர்த்தாச்சு. இன்னும் ஃபோல்டர் திறக்கலைங்கறார். பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணிடவா?"

"வேண்டாம்மா. அவர் மெஷின்ல கே-லிஸ்ட் அடிக்கச் சொல்லு. கேஆர்பி-டிஜிடி வரியில ஸ்டார்ட் டைம் என்னன்னு கேளு."

ஃபோனில் கேட்டுவிட்டுச் சொன்னாள். "காலைல ஒன்பது பத்து."

"குரூப்ல எப்பம்மா சேர்த்தே?"

"பதினொன்னரைக்கு..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அப்போ அவர்கிட்ட இருக்கறது நான் சேர்க்கறதுக்கு முன்னாடி வாங்கின டிக்கெட்டாண்ணா?"

அவ்வளவுதான் விஷயம். ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியலை டொமைன் கன்ட்ரோலர் டிக்கெட்டுக்கு உள்ளேயே பிஏசி என்ற பகுதியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. காலையில் எழுதிய பட்டியல் காலையில் எழுதியதுதான். டைரக்டரியில் பிறகு நீங்கள் என்ன மாற்றினாலும் அந்த டிக்கெட்டுக்குத் தெரியாது. விண்டோஸில் டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். ஏழு நாள் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். பயனர் லாக்-ஆஃப் செய்து மறுபடி வந்தால் புதுப் பட்டியல் கிடைக்கும். கே-லிஸ்ட் பர்ஜ் என்று அடித்துப் பழைய டிக்கெட்டுகளைத் துடைத்தாலும், அடுத்து புதிதாகத் தொடும் சர்வருக்குப் புது டிக்கெட் வாங்கப்படும். ஆனால் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் இணைப்புகள் பழைய அடையாளத்தோடுதான் தொடரும். அதனால் பயனர்களிடம் லாக்-ஆஃப் என்றே சொல்லிவிடுவது சுத்தம். பர்ஜின் அருமை சர்வர்களில் தெரியும். ஒரு சர்வரின் கம்ப்யூட்டர் அக்கவுண்ட்டையே புது குரூப்பில் சேர்த்திருக்கிறீர்கள், ரீஸ்டார்ட் செய்ய அனுமதி இல்லை என்றால், அட்மின் ப்ராம்ப்டில் கே-லிஸ்ட், இடைவெளி, -எல்ஐ, இடைவெளி, 0எக்ஸ்3இ7, இடைவெளி, பர்ஜ். அந்த எண் லோக்கல் சிஸ்டத்தின் லாகின் செஷனைக் குறிக்கும். புரொடக்‌ஷன் சர்வரை நள்ளிரவில் ரீஸ்டார்ட் செய்வதற்காக ஆளை உட்கார வைப்பதை இந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.

அடுத்தது, வர வேண்டிய டிக்கெட் வராமலே இருப்பது. ஷேர் திறக்கிறது, வேலையும் நடக்கிறது, ஆனால் கே-லிஸ்ட்டில் சிஐஎஃப்எஸ் வரியே இல்லை. பெரும்பாலும் யாராவது சர்வர் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்து ஷேரை மேப் செய்திருப்பார்கள். ஐபி முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் வழக்கமாக கெர்பரோஸைத் தொடுவதில்லை. பழைய என்டிஎல்எம் முறைக்குப் போய்விடும். வேலை நடக்கிறதே, எதற்குக் கவலை என்று விட்டுவிடக் கூடாது. என்டிஎல்எம்மில் நடுவில் புகுந்து ரிலே செய்யும் தாக்குதல்களுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. என்றைக்காவது பாதுகாப்புக் குழு என்டிஎல்எம்மை நிறுத்தினால் அன்று காலை அந்த ஷேர்கள் எல்லாம் மொத்தமாக விழும். இருக்கிற டிக்கெட்டைப் போலவே இல்லாத டிக்கெட்டும் செய்திதான். சந்தேகம் இருந்தால் கைப்படவே ஒரு டிக்கெட் கேட்டுப் பார்க்கலாம்: விண்டோஸில் கே-லிஸ்ட் கெட் என்று அடித்து சர்வீஸ் பெயரைக் கொடுங்கள், லினக்ஸில் அதே வேலையை கே-வி-என்-ஓ செய்யும். டிக்கெட் வந்துவிட்டால் கேடிசி பக்கம் சரி, குறை வேறெங்கோ. வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பெயரே டைரக்டரியில் பதிவாகவில்லை, அல்லது தப்பாகப் பதிவாகியிருக்கிறது.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கெர்பரோஸ் நேர முத்திரையை நம்பி நிற்பதால், உங்கள் மெஷினுக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழக்கமான அமைப்பில் கதவு திறக்காது. பாஸ்வேர்ட் சரியாகவே இருக்கும். சஸ்பெண்டில் இருந்து எழுப்பிய வெர்ச்சுவல் மெஷின்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். கே-லிஸ்ட்டில் ஸ்டார்ட் டைமைப் பார்த்துவிட்டு சுவர்க் கடிகாரத்தையும் பாருங்கள்.

தப்பான பட்டியலைப் பார்த்துவிட்டு தப்பான முடிவுக்கு வருவதும் நடக்கிறது. லினக்ஸில் சுடோ போட்டு கே-லிஸ்ட் அடித்தால் ரூட்டின் டிக்கெட்தான் வரும்; பெரும்பாலும் சேமிப்பே இல்லை என்று சொல்லும். உடனே டிக்கெட் போய்விட்டது என்று பதறக் கூடாது. சாதாரணமாக அடித்தால் உங்களுடையது பத்திரமாக இருக்கும். விண்டோஸிலும் அட்மின் பயனர் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறக்கும் ஜன்னல் தனி லாகின் செஷன். சாதாரண ஜன்னலில் தெரியும் டிக்கெட்டுகள் அதில் தெரியாது. பிரச்சினை எந்த ஜன்னலில் இருக்கிறதோ அந்த ஜன்னலில் கே-லிஸ்ட் அடியுங்கள்.

இனி பாதுகாப்பு விஷயம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. லினக்ஸில் -இ சேர்த்தால் ஒவ்வொரு டிக்கெட்டும் எந்தக் குறியாக்கத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்று வரும். விண்டோஸில் சேர்க்காமலே வரும். அங்கே ஏஇஎஸ்-256 என்றிருந்தால் நிம்மதி. ஆர்சி4 என்றிருந்தால் அந்த சர்வீஸ் அக்கவுண்ட்டின் பெயரை உடனே குறித்துக்கொள்ளுங்கள். டொமைனில் இருக்கும் எந்தப் பயனரும் எந்த சர்வீஸுக்கும் டிக்கெட் கேட்கலாம். அது கெர்பரோஸின் அமைப்பு. அப்படி வாங்கிய டிக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், அதைப் பூட்டியிருக்கும் பாஸ்வேர்ட் என்னவாக இருக்கும் என்று கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம் என்று 2014-ல் டிம் மெடின் செய்து காட்டினார். கெர்பரோஸ்டிங் என்று பெயர். ஆர்சி4-ல் விசை என்பது உப்பு (சால்ட்) சேர்க்காத வெறும் என்டி ஹாஷ். ஒவ்வொரு ஊகத்துக்கும் செலவு மிகக் குறைவு. ஏஇஎஸ்ஸில் உப்பும் உண்டு, வழக்கமாக 4,096 சுற்று கணக்கும் உண்டு. ஊகிப்பவனை அது வெகுவாகத் தாமதப்படுத்தும். கெர்பரோஸில் ஆர்சி4 இனி வேண்டாம் என்று 2018-லேயே ஆர்எஃப்சி 8429 சொல்லிவிட்டது. ஆனாலும் யாரோ எப்போதோ உருவாக்கி, நினைவில் நிற்கும் ஒரு பாஸ்வேர்டையும் போட்டுவிட்டுப் போன சர்வீஸ் அக்கவுண்ட்டுகள் இன்னும் ஆர்சி4-லேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஜிஎம்எஸ்ஏ அக்கவுண்ட்டாக மாற்றிவிட்டால், 240 பைட் நீளப் பாஸ்வேர்டை டொமைனே வைத்துக்கொண்டு, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். மனுஷர் யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

எண்ட் டைமையும் ஒரு கண் பாருங்கள். டிஜிடிகளைப் பூட்டும் கேஆர்பி-டிஜிடி அக்கவுண்ட்டின் விசையைத் திருடியவன் டிக்கெட்டைத் தானே அச்சடித்துக்கொள்ளலாம். கோல்டன் டிக்கெட் என்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த பெஞ்சமின் டெல்பி எழுதிய மிமிகாட்ஸ் கருவி அதை வழக்கமாகப் பத்து ஆண்டு ஆயுளோடு செய்து தருகிறது. புத்திசாலித் திருடன் ஆயுளை மாற்றிவிடுவான் என்பது உண்மை. ஆனாலும் 10 மணி நேரம் என்று விதி இருக்கும் இடத்தில் பல ஆண்டு தள்ளி எண்ட் டைம் தெரிந்தால், அந்த மெஷினில் வேறெதையும் தொடாமல் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

லினக்ஸில் மனிதர் இல்லாமல் ஓடும் வேலைகளுக்கு பாஸ்வேர்டுக்குப் பதில் கீ-டேப் என்ற ஃபைல் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இதே கருவிதான்: -கே என்று சிற்றெழுத்தில் கொடுத்தால் பெயர்களும் விசையின் பதிப்பு எண்ணும் வரும். அந்தப் பதிப்பு எண் டைரக்டரியில் இருப்பதோடு பொருந்தவில்லை என்றால், யாரோ அக்கவுண்ட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு கீ-டேப்பைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதோடு பேரெழுத்துக் கே-யையும் சேர்த்தால் விசையையே எண்களாகத் திரையில் கொட்டிவிடும். மற்ற கே-லிஸ்ட் வெளியீடுகளைச் சக ஊழியரோடு பகிர்ந்து உதவி கேட்கலாம். இதை மட்டும் சாட்டில் ஒட்டாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்காதீர்கள். அது பாஸ்வேர்டுக்குச் சமம்.

விண்டோஸில் டிக்கெட்டைத் தாண்டி, பயனரே சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் உண்டு. அவற்றின் பட்டியலை சிஎம்டி-கீ, சாய்கோடு, லிஸ்ட் என்று அடித்தால் காணலாம். பாஸ்வேர்ட் தெரியாது, எந்த சர்வருக்கு எந்தப் பெயர் என்பது மட்டும் தெரியும். பாஸ்வேர்ட் மாற்றிய மறுநாள் முதல் ஒருவரின் அக்கவுண்ட் சும்மா சும்மா லாக் ஆகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். எப்போதோ சேமித்த பழைய பாஸ்வேர்டை மெஷின் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஒரு பதிவை டெலீட் செய்தால் போதும்.

லினக்ஸில் தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு: -எஸ் சேர்த்த கே-லிஸ்ட் திரையில் எதையும் எழுதாது, செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1 என்று வெளியேறும். ஸ்கிரிப்ட்டின் தலையில் அதை வைத்து, 1 வந்தால் கீ-டேப்பைக் கொடுத்து, புது டிக்கெட் வாங்கும் கே-இனிட் கட்டளையை ஓட விடுங்கள். அதற்கு அடுத்த வரியில் -இ சேர்த்த கே-லிஸ்ட்டின் வெளியீட்டை லாக் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். வேலை நடுவில் நின்றால், அந்த நேரத்தில் யார் பெயரில், எந்த டிக்கெட், எத்தனை மணி வரை என்பது லாகிலேயே இருக்கும். யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.